இரண்டாவது வீடு எங்கே: சிங்கப்பூரா, சென்னையா, ஜொகூரா?

கேள்வி: எனக்கு 54 வயது. 1998இல் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தேன். இப்போது சிங்கப்பூர்க் குடிமகன்; ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) அட்டை இருக்கிறது. செங்காங்கில் ஐந்தறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, 2001இல் கட்டியது, என் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது. கையில் 400,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மத்திய சேமநிதியில் (மசேநி) 230,000 வெள்ளி. மகன் தேசிய சேவையும் பல்கலைக்கழகமும் முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறான். அடுத்த ஆண்டு கல்யாணம், பிடிஓ வீட்டுக்கு, அதாவது வீவக கட்டித்தரும் புது வீட்டுக்கு, விண்ணப்பிக்கப் போகிறான். மகள் படிக்கிறாள். இங்கே குழந்தைகளே பிறப்பதில்லை, இருபது வருடம் கழித்து இத்தனை வீட்டில் யார் இருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. இங்கேயே ஒரு மில்லியன் வெள்ளிக்கு ஒரு படுக்கையறை கூட்டுரிமை வீடு (தனியார் காண்டோ) வாங்கலாமா? அல்லது சென்னை ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) ஒரு கோடி ரூபாய்க்கு அடுக்குமாடி வீடும், திருச்சிக்கு வெளியே மகன் பெயரில் ஒரு மனையுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில் புது ரயில் நிலையம் பக்கம் ஒன்று வாங்கலாம் என்றும் நண்பர் சொல்கிறார். "இந்தியா இளமையான நாடு, அங்கே போடுங்கள்" என்கிறார் முகவர். மனைவி எதுவுமே வேண்டாம் என்கிறார். மனைவிக்கு 51 வயது, பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர். வழி சொல்லுங்கள் ஐயா. (வாசகர், செங்காங்)

பதில்:

மூன்று யோசனைகளையும் ஒரே கேள்வியால் சலித்துப் பார்க்கலாம். உங்களுக்கு 75 வயதாகும்போது அந்த வீட்டை உங்களிடமிருந்து யார் வாங்குவார்? அந்த வயதில் அதை விற்கும் வேலையை யார் செய்வார்? நாட்டின் பிறப்பு விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், சரி. ஆனால் உங்கள் கணக்கை அதிகம் பாதிக்கப்போகும் முதுமை உங்களுடையதுதான். அதைக் கடிதத்தில் எங்கேயும் காணவில்லை.

முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 2023இல் 0.97, 2024இலும் 0.97. மக்கள்தொகை தானாகக் குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். எண்கள் பயமுறுத்துகின்றன, ஆனால் வீடுகள் காலியாகும் என்ற முடிவுக்கு இதை வைத்து நேராகப் போய்விட முடியாது. இந்த ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை மகப்பேற்று மருத்துவமனை மட்டும் தீர்மானிப்பதில்லை, மனிதவள அமைச்சும் குடிநுழைவுத் துறையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2024 நடுவில் இங்கே இருந்த 6.04 மில்லியன் பேரில் 1.86 மில்லியன் பேர் குடிமக்களும் இல்லை, நிரந்தரவாசிகளும் இல்லை. கிருமித்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டவர் போனதும் மக்கள்தொகை 5.45 மில்லியனுக்கு இறங்கியது. பிறகு திரும்பி வந்தார்கள், 2022இல் வாடகை எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு பக்கம், குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஒரு வீட்டில் சராசரியாக 2010இல் 3.5 பேர், இப்போது 3.1 பேர். அதே எண்ணிக்கை மக்களுக்கு இப்போது கூடுதல் வீடுகள் தேவைப்படுகின்றன.

ஜப்பானைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள் காலி, மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. கிராமத்தில் வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. அதே நாட்டில், அதே காலத்தில், டோக்கியோவின் நடுப்பகுதியில் விலை ஏறிக்கொண்டே போனது. நாடு மூப்படையும்போது மக்கள் எல்லா இடத்திலும் சமமாகக் குறைவதில்லை. ஓர் இடம் காலியாகிறது, இன்னோர் இடம் நெருக்குகிறது. ஆகவே எந்த நாடு என்பதைவிட, எந்தத் தெரு, எப்படிப்பட்ட வீடு, அதில் குடியிருக்கப் போகிறவர் யார் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

உங்கள் முகவர் சொன்ன "இளமையான நாடு" வாதம் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. இந்தியா இளமையான நாடு, உண்மை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது இந்தியாவின் சராசரியில் இல்லை, தமிழ்நாட்டில். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் பீகாரின் கருவள விகிதம் 3.0, தமிழ்நாட்டினுடையது 1.8. தமிழ்நாடு எப்போதோ 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. 2036இல் அங்கே ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணிப்பு. இளைஞர்கள் வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறார்கள்தான். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கும் அவர்களில் எத்தனை பேர் உங்களுடைய ஒரு கோடி ரூபாய் வீட்டுக்குக் குடிவரப் போகிறார்கள்? உங்கள் சந்தை ஓஎம்ஆரில் வேலை செய்யும் மென்பொருள் ஊழியர்தான். அவர் வேலை எங்கே நகர்கிறதோ அங்கே உங்கள் வாடகையும் நகரும்.

இனி ஒவ்வொன்றாகக் கணக்குப் போடலாம்.

இங்கே வாங்கும் கூட்டுரிமை வீட்டுக்கு, ஒரு மில்லியன் வெள்ளி என்று வைத்தால், சாதாரண முத்திரை வரி 24,600 வெள்ளி. இரண்டாவது வீடு என்பதால் குடிமகனுக்குக் கூடுதல் முத்திரை வரி (ஏபிஎஸ்டி) 20 விழுக்காடு, அதாவது 200,000 வெள்ளி. 2023 ஏப்ரலிலிருந்து இதுதான் விகிதம். வங்கிக்கடன் 75 விழுக்காடு வேண்டுமென்றால் 65 வயதுக்குள் கட்டி முடிக்க வேண்டும். 65ஐத் தாண்டினால் 55 விழுக்காடுதான் கிடைக்கும். உங்களுக்கு 11 ஆண்டுகள் இருக்கின்றன. 750,000 வெள்ளிக் கடனுக்கு 3 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 6,700 வெள்ளி. முன்பணமும் வரியும் சேர்த்து முதல் நாளே 474,600 வெள்ளி வேண்டும். உங்கள் கையிருப்பு அதற்குப் போதாது; மசேநியைத் தொட வேண்டும், இரண்டாவது வீட்டுக்குத் தொட வேண்டுமென்றால் முதுமைக்கென்று மசேநி வகுத்த அடிப்படை ஓய்வுக்காலத் தொகையை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வாடகை மாதம் 3,000 வெள்ளி வரும் என்று வைப்போம். ஆண்டுக்கு 36,000. இதில் சொத்து வரி 4,800 அளவுக்குப் போகும், ஏனென்றால் சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு விகிதமே 12 விழுக்காட்டில்தான் தொடங்குகிறது. பராமரிப்புக் கட்டணம் 4,200, ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 3,000, முகவருக்கு 1,500. மிச்சம் 22,500 வெள்ளி. இதில் வருமான வரியையும் வட்டியையும் நான் இன்னும் கழிக்கவில்லை. அந்த 22,500ஐ வைத்து ஏபிஎஸ்டியாகக் கட்டிய 200,000ஐ மீட்கவே ஒன்பது வருடம் ஆகும். அவசரத்துக்கு விற்கவும் முடியாது. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுகளுக்குள் விற்றால் விற்பவருக்கான முத்திரை வரி 16 விழுக்காடு வரை போகிறது. (மனைவியின் பெயரை வீவக வீட்டிலிருந்து எடுத்துவிட்டு அவர் பெயரில் வாங்கினால் ஏபிஎஸ்டி இல்லை என்று யாராவது சொல்வார்கள். வீவக வீட்டில் அப்படி இஷ்டத்துக்குப் பெயர் மாற்றும் வழியை 2016லேயே அடைத்துவிட்டார்கள்.)

அந்த 200,000 வெள்ளி வேறு என்ன செய்யும் என்று பாருங்கள். 2025இல் 55 வயதானவர்களுக்கு மசேநியில் மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகை, அதாவது போடக்கூடிய உச்சம், 426,000 வெள்ளி. அதை நிரப்பியவருக்கு 65 வயதிலிருந்து மாதம் 3,300 வெள்ளி அளவில், உயிரோடு இருக்கும்வரை மசேநியின் ஓய்வூதியத் திட்டமான சிபிஎஃப் லைஃப் கொடுக்கும். அந்த உச்சத் தொகை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். உங்களிடம் மசேநியில் 230,000 ஏற்கனவே இருக்கிறது. வரியாகப் போக இருந்த 200,000ஐ ஓய்வுக்காலக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய அந்த உச்சத்தைத் தொட்டுவிடுவீர்கள். மாதாமாதம் பணம் வரும், ஒரு கூட்டுரிமை வீட்டு வாடகையைவிடக் கூடுதலாக, குளிரூட்டி பழுது என்று இரவில் அழைக்கும் வாடகைதாரர் இல்லாமல். பணம் பூட்டப்படும், திடீரென்று எடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு ஒரு வீடாக மிஞ்சாது. நீங்கள் சீக்கிரம் காலமானால் மீதமுள்ள தொகைதான் வாரிசுகளுக்குப் போகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே சொல்கிறேன், உங்கள் நிலையில் இது இரண்டாவது வீட்டைவிட நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஏற்கனவே சிங்கப்பூர் வீட்டுச் சந்தையில்தான் இருக்கிறீர்கள். செங்காங் வீடு உங்கள் சொத்தில் பெரும்பங்கு. அதன் 99 ஆண்டுக் குத்தகை 2100இல் முடிகிறது. 2047இல் அதை விற்க நினைத்தால் 53 ஆண்டுகள் மிச்சமிருக்கும். 2019 மே மாதத்திலிருந்து, மீதமுள்ள குத்தகை வாங்குபவரின் 95 வயது வரை தாங்கினால்தான் அவர் மசேநியை முழுவதும் பயன்படுத்தலாம். அப்போது 42 வயதுக்குக் கீழே உள்ள இளம் தம்பதிக்கு அந்தப் பயன்பாடு குறையும். இளம் வாங்குபவர்களே குறைந்துவரும் ஊரில், அவர்களிலும் ஒரு பகுதி ஒதுங்கும் வீடு அது. செர்ஸ் (பழைய வீவக வீடுகளை அரசாங்கம் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் திட்டம்) வரும் என்று காத்திருக்க வேண்டாம். 1995இல் திட்டம் தொடங்கியதிலிருந்து வீவக வீடுகளில் 4 விழுக்காடுதான் அதற்குத் தேர்வானது என்று 2017இல் அரசாங்கமே எச்சரித்தது. பிள்ளைகள் வெளியே போனதும், உங்கள் அறுபதுகளின் நடுவில், சிறிய வீட்டுக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். எழுபத்தைந்து வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஜொகூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்பது திட்டம், உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் சாகாருக்கு ஒருபக்கம் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றும். நல்ல விஷயம்தான். ஆனால் பல ஆண்டுகளாக மலேசியாவில் விற்காத வீடுகள் மிக அதிகமாகத் தேங்கிய மாநிலங்களில் ஜொகூர் ஒன்று. ஜொகூரில் ஏழு லட்சம் பேருக்கென்று திட்டமிட்டு, ஆள் நிறையாமல் கிடக்கும் ஃபாரஸ்ட் சிட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள், நான் எழுதுவதைவிட அது அதிகம் சொல்லும். வெளிநாட்டவர் பொதுவாக ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேலுள்ள வீட்டைத்தான் வாங்கலாம், 2026 ஜனவரி முதல் முத்திரை வரி 8 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, பிறகும் 10. அந்த விலையில் உள்ளூர்க்காரர் வாங்க மாட்டார். உங்களைப் போல இன்னொரு சிங்கப்பூரரைத்தான் தேட வேண்டும். வேண்டாம்.

சென்னைதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

2010இல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 33 ரூபாய். இப்போது அதைப்போல இரண்டு மடங்கு. அதாவது அப்போது 50 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று ஒரு கோடிக்குப் போனால், ஊரில் எல்லோரும் "டபுளாகிவிட்டது" என்பார்கள். வெள்ளிக் கணக்கில் நீங்கள் அதே இடத்தில் நிற்கிறீர்கள். ரூபாய் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு ஏறினால்தான் போட்ட முதல் அப்படியே இருந்திருக்கும். வாடகையும் விலையில் 3 விழுக்காட்டைச் சுற்றித்தான் வரும். வாங்கும்போது தமிழ்நாட்டில் பொதுவாக முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு தனி.

விற்கும்போதுதான் வெளிநாட்டு இந்தியர்கள் பலர் விழிக்கிறார்கள். இப்போதைய சட்டப்படி நீண்டகால லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி, பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. லாபத்துக்குத்தான் வரி என்றாலும், வாங்குபவர் மொத்த விலையில் பிடித்தம் செய்து அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையில் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம், அதற்கு அலைய வேண்டும். இந்தத் தலைவலிக்குப் பயந்தே சிலர் வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்கத் தயங்குவார்கள். பணம் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) வந்தால் நிதியாண்டுக்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுக்கலாம், ஆகவே உங்கள் தொகைக்கு வரம்பு பிரச்சினை இல்லை. ஆடிட்டர் சான்றிதழ், வங்கிப் படிவங்கள், என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கான கணக்கு) பணம் போனதற்கான பழைய ரசீது இவற்றைத்தான் தேட வேண்டியிருக்கும். 54 வயதில் இதைச் செய்துவிடுவீர்கள். 76 வயதில், முழங்கால் வலியோடு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பறந்து போவீர்களா? "ஊரில் தம்பி இருக்கிறான், பார்த்துக்கொள்வான்" என்று நினைப்பீர்கள். தம்பிக்கும் அப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் மகளுக்குப் பட்டா என்றால் என்ன, வில்லங்கச் சான்று எங்கே எடுப்பது என்று தெரியுமா? இந்த வாரமே இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, "இது உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். பெற்றோர் ஆசையாக வாங்கிப்போட்ட மனையைப் பிள்ளைகள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதை என் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்படியென்றால் சென்னை வேண்டவே வேண்டாமா? ஒரு நிலையில் வேண்டும் என்பேன். நீங்களும் மனைவியும் ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் சில மாதங்களாவது உண்மையிலேயே அங்கே வாழப் போகிறீர்கள் என்றால். அப்போது ரூபாய் சரிவது உங்களுக்கு நட்டமில்லை, ஏனென்றால் செலவும் ரூபாயில்தான். அந்த வீட்டை முதலீடு என்று நினைக்காமல் செலவு என்று கணக்கு எழுதுங்கள். கட்டி முடித்து, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான, மின்தூக்கி உள்ள, மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் வீடாகப் பாருங்கள். ஓஎம்ஆரின் கடைக்கோடியில் இருபதாவது மாடி வேண்டாம். ஒரு கோடி ரூபாய் என்பது இன்று 150,000 வெள்ளி அளவு. மசேநியில் போட்டது போக உங்களிடம் மிஞ்சுவது 200,000. அதில் வீடும் பதிவுச் செலவும் போனால் அவசரக் கையிருப்பு மிகவும் மெலிந்துவிடும், மகன் கல்யாணம் வேறு வருகிறது. ஆகவே 60 லட்சத்துக்குள் பாருங்கள், அல்லது முதலில் ஒரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவது.

மகன் பெயரில் மனை என்று எழுதியதைப் படித்ததும் பதறிவிட்டேன். பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் பெயரில் வெளிநாட்டில்கூடச் சொத்து இருக்கக் கூடாது. இருந்து விற்றிருந்தால், விற்று 30 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். பணம் கொடுத்தது அப்பா, நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்றால் வீவக ஏற்காது. பரிசாக வந்தாலும் உரிமை உரிமைதான். திருச்சியில் சில லட்ச ரூபாய் மனைக்காக, இங்கே மானியத்தோடு கிடைக்கும் முதல் வீட்டை உங்கள் மகனும் மருமகளும் இரண்டரை வருடத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டியிருக்கும். சொல்லாமல் மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். பொய் அறிவிப்புக்கு வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ள வீவகவுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் சொந்தப் பெயரில் சென்னை வீடு வாங்கினாலும், நாளை வீவகவிடமிருந்து நேரடியாகச் சிறிய வீட்டுக்கு மாறப் போகும்போது அதைப் பற்றிக் கேட்பார்கள், விற்க வேண்டியும் வரலாம். அதை மனதில் வைத்து வாங்குங்கள்.

அந்தத் திருச்சி மனையைப் பற்றி இன்னொன்று. ஓசிஐ அட்டைக்காரர் குடியிருப்பு மனை வாங்கலாம், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. ஊருக்கு வெளியே "பண்ணை மனை" என்று விற்பதில் பல, ஆவணத்தில் நஞ்சை அல்லது புஞ்சைதான். டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண், மூலப்பத்திரம், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றையும் விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, மனைவியின் மசேநியில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேலையை விட்டவர் என்றால் அதில் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. சிங்கப்பூரில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்கிறார்கள். அவர் உங்களைவிட மூன்று வயது இளையவர். ஆக, அவர் ஏழெட்டு வருடம் தனியாக இருக்க வேண்டிவரலாம், அப்போது உங்கள் சிபிஎஃப் லைஃப் தொகை நின்றிருக்கும். 55 வயதுக்கு முன் அவருடைய மசேநிச் சிறப்புக் கணக்கில் ரொக்கமாகப் போடலாம், 4 விழுக்காடு வட்டி கிடைக்கும். அவருக்கு வருமானம் இல்லாததால் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை உங்கள் வரிக்குரிய வருமானத்திலும் கழிவு கேட்கலாம். அவருடைய மசேநி அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். 200,000ஐ முழுவதும் உங்கள் கணக்கில் போடுவதா, இருவருக்கும் பிரிப்பதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். மசேநி தளத்தில் சிங்பாஸ் வழியாக அவரே பதிவிறக்கிவிடலாம்.